ஒரு சத்தமா, இரண்டா

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் தோளுக்கு நேராக
டயர் கடைக்கு மேல் மாடி.
நான்கு மேசை. புதுத் துணி ஒன்றுக்கு மட்டும்.
இறுதி ஆட்டம் அதில்.

என் வெள்ளைக் கையுறையில்
ஒரு விரல் தையல் விட்டிருந்தது.
திங்கள் முதல் வெள்ளிவரை நான்
பிறர் போன டாக்சிகளின் ரசீதைச் சரிபார்ப்பவள்.
ஞாயிறு நடுவர்.
இரண்டு வேலையிலும் எனக்கு
யாரும் டீ வாங்கித் தருவதில்லை.

ஐந்துக்கு ஐந்து. ஏழு எடுத்தவர்க்குக் கோப்பை.
ருத்ரேஷ் முறை. எட்டாம் பந்து மட்டும் பாக்கி.
வெள்ளை அதன் காதருகே போய் நின்றிருந்தது
ரகசியம் சொல்வதுபோல.
குனிந்து பார்த்தேன்.
இரண்டுக்கும் நடுவே மேசை விளக்கு
ஒரு நூல் நுழைந்திருந்தது.
"ஒட்டல" என்றேன், இருவர் காதிலும் விழ.

ஒட்டியிருந்தால் அதே அடி நியாயம்.
நூல் விலகியிருந்தால் குற்றம்.
இதை வெளியாட்களுக்கு விளக்கி
நான் ஜெயித்ததே இல்லை.
குச்சி வெள்ளையைத் தொடும்,
வெள்ளை கறுப்பில் முட்டி நிற்கும்,
நின்றதை, நிற்காத குச்சி
பின்னாலேயே வந்து மறுபடி தொடும்.
கண் இமைக்காமலே தவறவிடும் நேரம் அது.
காது கொஞ்சம் பிடிக்கும்.
மிச்சத்தை வெள்ளையே காட்டிக்கொடுக்கும்:
நேராக முட்டிய பந்து திகைக்கணும்.
கறுப்பின் தோளில் கைபோட்டுக்கொண்டு
கூடவே ஓடக் கூடாது.

ஓடியது.
கறுப்பு மூலைக் குழியில் விழ
கைதட்டல் பாதி எழும்பியபோது
"ஃபவுல்" என்றேன். எட்டோடு செய்த தப்பு,
ஆட்டமே போச்சு.

"ஏம்மா, ஆட்டோவே மீட்டர் போடாத ஊர்ல
நீங்க நூல் பிடிச்சு அளக்கறீங்க?"
யாரோ ஒருவர், சுவரோரம்.
இன்னொருவர் போனை நீட்டினார்.
ஒரு படத்தில் குச்சி பின்னால் இருந்தது.
அடுத்த படத்தில் பந்து போய்விட்டிருந்தது.
நடந்தது அந்த இரண்டுக்கும் நடுவில்,
யாரும் எடுக்காத படத்தில்.

ருத்ரேஷ் கத்தவில்லை.
"ஒந்தே, மேடம். ஒரு தடவதான். கைக்குத் தெரியும்."
பெயரைத் தப்பாகக் கூப்பிட்டவரைத்
திருத்தும் குரல்.
எழுதினேன்: கிளமென்ட் ஆறு, ருத்ரேஷ் ஐந்து.

அடுத்த ஆட்டம். மேசை அவனுடையது.
பச்சைப் பந்தைத் தாண்டி விரல்களை ஊன்றினான்.
நான் நின்றது தப்பான பக்கம்,
அவன் முதுகுதான் தெரிந்தது.
அடிக்காமல் நிமிர்ந்தான்.
"சட்டைக் கை பச்சையில பட்டுச்சு."

நான் பார்க்கவில்லை.
நாற்காலியில் சுண்ணக்கட்டி உருட்டிக்கொண்டிருந்த
கிளமென்ட் பார்க்கவில்லை.
அத்தனை போனில் ஒன்றும் பார்க்கவில்லை.
பச்சை, பிறந்ததிலிருந்து
அங்கேயே இருப்பதுபோல் இருந்தது.

"ஃபவுல்" என்றேன்.
எதிரொலிக்குக் கையுறை எதற்கு என்று தோன்றியது.
வெள்ளையை எடுத்துக் கிளமென்டிடம் கொடுத்தேன்,
எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள.
ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

யாரும் பார்க்காததைச் சொன்னவன்
நான் கேட்டதை ஏன் மறுத்தான்?
பொய் சொல்ல மாட்டான்.
அதனால் அவன் சொன்னது சரி என்றும் ஆகிவிடாது.
அவன் கையில் ஒன்று.
என் காதில் இரண்டு.
மழையில் ரயில்வே கேட் திறக்கும்வரை
இதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

இரவு சமையல் மேடையில்
இரண்டு எலுமிச்சையை நூல் இடைவெளி விட்டு வைத்து
பென்சிலால் தட்டிப் பார்த்தேன்.
எலுமிச்சை எலுமிச்சைபோலத்தான் உருண்டது.
ஒன்று அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது.

காலையில் இரண்டையும் பிழிந்து சாதம் கிளறி
டப்பாவில் எடுத்துக்கொண்டு
ஒயிட்ஃபீல்டு பஸ் ஏறினேன்.
மேசையில் முதல் கோப்பு:
ஒரே பயணத்துக்கு இரண்டு ரசீது.
அதே தேதி, அதே தொகை, நேரம் மட்டும்
ஒரு நிமிடம் தள்ளி.
வழக்கமாக உடனே சிவப்பில் சுழித்துவிடுவேன்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.